சுருட்டாத பாவு

வெள்ளைக் கோடு போட்டு ஒன்றரை மாதம் ஆகியும் அதன்மேல் ஒரு காலடி விழவில்லை. வீரபத்திரனுக்கு முதலில் இது பெருமையாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. அப்புறம் அந்த முனைப் பக்கம் போகவே பயந்தான்.

பதினெட்டு வருடமாக ரோட்டு வேலை செய்கிறவன் அவன். எந்தப் பெயின்ட் எந்த இடத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று ஓவர்சியருக்கே அவன்தான் சொல்வான். பிள்ளையார்பாளையத்துக் கிணற்றுத் தெரு முனை என்றால், சாயப் பட்டறைக்காரர்கள் ஈரக் காலோடு போய்வருகிற இடம். போட்ட மறுநாளே கோட்டின்மேல் அரக்கும் பச்சையுமாக அடிகள் பதிந்திருக்க வேண்டும். லாரி டயர்க் கறை இருந்தது, மாட்டு வண்டிச் சக்கரக் கறை இருந்தது, நாய்கூட நடந்திருந்தது. மனிதக் கால் பட்ட அடையாளம் மட்டும் இல்லை.

கோடு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது 1969. பெரிய ரோட்டில் பாலத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று லாரிகளையெல்லாம் கிணற்றுத் தெரு வழியாகத் திருப்பி விட்டிருந்தார்கள். திருப்பிவிட்ட மகராசன் எவனும் அந்தத் தெருவை விடியற்காலையில் பார்த்தவன் இல்லை. பார்த்திருந்தால் செய்திருக்க மாட்டான். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அந்தத் தெரு நெசவாளருக்குச் சொந்தம். தறியில் ஏற்றுவதற்கு முன் சேலையின் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். இரண்டு முனையிலும் குச்சியில் கோத்து ஆள் பிடித்திருக்கும். காய்ந்ததும் ஒருவர் உட்கார்ந்து சுருட்டுவார். இழுவை தளராதபடி பிடித்துக்கொண்டு எதிர்முனைக்காரர் ஒவ்வோர் அடியாக அவரை நோக்கி நடந்து வருவார். நீட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், மிதிக்க மாட்டார்கள். பிரசவ வேதனையில் துடிக்கிறவளைத் தூக்கிப் போனாலும் முனைவரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும், லாரிக்குத் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, வளைவில் திரும்பிய லாரி ஒன்று நீட்டியிருந்த பாவை நோக்கி நேராக வந்தது. எல்லோரும் விட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள். வளைவுப் பக்கத்து முனையைப் பிடித்திருந்த கங்கையம்மாள் மட்டும் ஓடவில்லை. முனையை விட்டால் இழுவை போய் அத்தனை ஆயிரம் இழையும் சிக்கிக்கொள்ளும். ஒரு குடும்பம் மூன்று மாதம் சாப்பிட வேண்டிய வேலை ஒரு நொடியில் குப்பையாகும். பக்கத்தில் பள்ளத்துக்கு ஜல்லி போட்டுக்கொண்டிருந்த வீரபத்திரன், விட்டுவிட்டு வந்துவிடும்படி தொண்டை கிழியக் கத்தினான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிடியை விடவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

கண் எதிரே லாரி வரும்போது ஒரு மனுஷி எப்படி ஓடாமல் நிற்பாள் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை. விளங்காததால் கோபம் வந்தது. செத்தவள்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது.

அதற்குப் பிறகு தெருவில் பாவு நீட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். லாரியை நிறுத்த யாருக்கும் உத்தரவு போடத் தோன்றவில்லை. வீரபத்திரனுக்குத் தூக்கம் போயிற்று. காரணம் கங்கையம்மாள் மட்டும் அல்ல. அவன் பெண்சாதி வடிவு அந்த முனைக்கு எதிரே இருக்கும் சாயப் பட்டறையில் பன்னிரண்டு வருடமாகக் கூலிக்குப் போகிறவள். தலையில் ஈரப் பட்டு மூட்டையோடு நாளைக்குப் பத்து தடவையாவது ரோட்டைக் கடப்பாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது காது போய்விட்டது. மூட்டையோடு அவள் வெளியே வரும்போது லாரி வருவது அந்த வலது பக்கத்திலிருந்துதான்.

ஓவர்சியர் ஸ்ரீபாலன் திருப்பருத்திக்குன்றத்துக்காரர், கூலியாளைக்கூட வாங்க போங்க என்று பேசுகிற மனிதர். வீரபத்திரன் அவர் மேசைக்கு எதிரே போய் நின்று, வேலை பார்த்த பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டான். மெட்ராஸில் மவுண்ட் ரோட்டில் ஜனங்கள் கடக்க வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறார்களாமே, அதைக் கிணற்றுத் தெருவில் போட முடியாதா என்றான். அவர் மெட்ராஸுக்கே போய்ப் பார்த்து, காகிதத்தில் வரைந்துகொண்டு வந்தார். மேலே எழுதி, அலைந்து, அனுமதியும் வாங்கினார். விபத்து நடந்த அதே இடத்தில்தான் போட வேண்டும் என்று அவரே சுண்ணாம்புக் கட்டியால் அளந்து காட்டினார்.

"கோடு போட்டா லாரி நிக்குமா சார்?" என்று வீரபத்திரன் கேட்டான்.

"கோட்டுக்கு நிக்காதுங்க. கோட்டுமேல ஆள் நடந்தா நிக்கும். நாலு நாள் ஜனங்க நடந்தாங்கன்னா டிரைவருங்க பழகிடுவாங்க. நடக்கலைன்னா இது வெறும் பெயின்ட்தான்."

ரோடு போகும் திசையிலேயே, ஆறு முழ நீளத்தில், பக்கத்தில் பக்கத்தில் பதினோரு பட்டை. வீரபத்திரன் முட்டி போட்டுக்கொண்டு நூல் பிடித்து அடித்தான். வடிவு நடக்கப் போகிற பாதை என்பதால், பெண்ணுக்குச் சீர் செய்கிற மாதிரி பார்த்துப் பார்த்து அடித்தான்.

அதில்தான் யாரும் நடக்கவில்லை. அவன் ஒரு நாள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தான். ஜனங்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். கோட்டின் ஓரம் வந்ததும், பேச்சை நிறுத்தாமலே, கீழே குனிந்துகூடப் பார்க்காமல் வடக்கே திரும்பினார்கள். பட்டைகளின் ஓரமாகவே போய், முனையைச் சுற்றி, எதிர்ப்புறம் இறங்கினார்கள். தெற்கே சுற்றலாம் என்றால் அங்கே சாக்கடை வெட்டிப் போட்டிருந்தது. வடக்கு முனையோ வளைவுக்கு இன்னும் கிட்டத்தில். கோடு இல்லாதபோது தெருவில் எங்கெங்கோ கடந்துகொண்டிருந்த ஜனங்கள், இப்போது ஒருவர் பாக்கியில்லாமல், லாரி திரும்பி வந்து மோதுவதற்குத் தோதான அந்த ஒரே இடத்தில் கடந்தார்கள். பாதுகாப்புக்குப் போட்ட கோடு அவர்களை லாரிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரிந்தபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவன் பெண்சாதியும் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

அன்று சாயங்காலம் ஊதுவத்தி விற்கிற ராஜகோபால் கம்பைத் தட்டிக்கொண்டு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வீரபத்திரனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கோடே தெரியாத இவராவது நேராகப் போவார் அல்லவா. ராஜகோபாலின் கம்பு முதல் பட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் வடக்கே திரும்பி, ஓரத்தோடு நடந்து, முனையைச் சுற்றினார். வீரபத்திரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத கோட்டை எதற்காகச் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டான்.

"கோடா? இன்னா கோடுபா? பாவு நீட்டிக்கினு இருக்காங்க. ஈரக் கஞ்சி வாசன அடிக்குது, உனக்குத் தெரியல?" என்றார் அவர். யாரோ வேலை செய்கிற இடத்தில் நின்று தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீரபத்திரன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். டீசல் புகைதான் வந்தது. வீம்புக்கு அந்தக் கோட்டின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலைந்து தடவை நடந்தான். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது எரிந்தது. குனிந்து பார்த்தான். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும், மயிரிழை கனத்தில், சிவப்புக் கீறல்கள் வரிவரியாக ஓடியிருந்தன. எத்தனை என்று எண்ணப் பார்த்து, எண்ண முடியாமல் விட்டான். வடிவிடம் காட்டவில்லை.

ஸ்ரீபாலன் தம்மால் ஆனதைச் செய்தார். ஒரு போலீஸ்காரரை வரவழைத்து, ஜனங்களைக் கோட்டின்மேல் நடக்கவைக்கச் சொன்னார். போலீஸ்காரர் விசில் ஊதினார், தடியால் தரையைத் தட்டினார். ஜனங்கள் ஓரத்தில் வந்து நின்றார்கள். மரியாதையாக நின்றார்களே தவிர ஒரு கால் நகரவில்லை. கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் நூறு பேர் சேர்ந்து, எல்லோரும் அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு சத்தம் காட்டாமல் நின்றார்கள். போலீஸ்காரருக்கு வியர்த்துவிட்டது. வழி காட்டுவதற்காகத் தானே நடந்து போனவர், நடுவில் எதிலோ தடுக்கியவர்போல் நின்றார், காலைப் பார்த்தார், திரும்பி வந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவருக்கு வேறு இடத்தில் டியூட்டி. மாத முடிவுக்குள் யாரும் நடக்கவில்லை என்றால் கோட்டின்மேல் தாரை ஊற்றிவிடச் சொல்லி மேலே இருந்து தாக்கீது வந்திருக்கிறது என்று ஸ்ரீபாலன் வருத்தத்தோடு சொன்னார். தார் ஊற்றினால் லாரிகள் நிற்பதற்கு ஒரு சாக்கும் இல்லாமல் போகும்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. வடிவு மூட்டையோடு வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அவளுக்குக் கேட்கவில்லை. டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பியதில் தலையிலிருந்த மூட்டையைத்தான் லாரி தட்டிக்கொண்டு போயிற்று. பட்டு ரோட்டில் சிதறியது. வடிவு நின்ற இடத்திலேயே நின்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரபத்திரன் ஓடி வந்து சேர்ந்தான்.

"நீ இன்னா நெசவு வீட்டுப் பொண்ணா? நம்ம ஜாதி ஜனம் எவனாவது தறியத் தொட்டிருக்கானா? உனக்காகத்தான அந்தக் கோடு. அதுமேல நடந்தா இன்னா?"

வடிவு குனிந்து, சிதறிய பட்டு நூலைச் சேர்த்து எடுத்தாள். "நடக்கணும்னுதான்யா வரேன். பக்கத்துல வந்தா கால் வரல. அந்தம்மா புடிச்சிக்கினு நிக்கிது. எப்பிடித் தாண்டறது?" என்றாள்.

அன்று மாலையே அவன் கங்கையம்மாளின் புருஷன் குமாரவேல் வீட்டுக்குப் போனான். முனையிலேயே இருக்கிற வீடு. ஆடி மாதத்திலிருந்து அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. குமாரவேல் தறிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கோட்டைப் பற்றிப் பேச எப்படி ஆரம்பிப்பது என்று வீரபத்திரன் தடுமாறினான். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பாவைப் போலீஸ்காரர்கள் துண்டு துண்டாக வெட்டித்தான் லாரிச் சக்கரத்திலிருந்து எடுத்தார்கள், அதனால் அது சுருட்டப்படவே இல்லை என்றார். சுருட்டுகிறவரைக்கும் பாவு நீட்டினது நீட்டினதுதான். கோடு வரும்வரை, அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று ஜனங்களுக்கு ஒரு கலக்கம் மட்டும் இருந்ததாம். வீரபத்திரன் பட்டை பட்டையாக வெள்ளை அடித்த அன்றுதான் அது கண்ணுக்கும் தெரிந்ததாம்.

"அப்பன்னா நீங்க வந்து சுருட்டுங்கண்ணா" என்றான் வீரபத்திரன்.

"நீட்டினவன்தான்பா சுருட்டணும். மறுபடி நீட்டினது நீதான?" என்றார் குமாரவேல். கோபம் இல்லாமல் சொன்னார். பிறகு எப்படிச் சுருட்டுவது என்று வெறும் கையாலேயே காட்டிக்கொடுத்தார். தெற்கு முனையில் குந்திக்கொள்ள வேண்டும். கண் சுருளை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் இழை ஏறிக்கொள்ளும். எதிரே வருகிறவர் நடைக்கு ஏற்ற மாதிரிதான் கை போக வேண்டும். கடைசியில் எதிர்முனைக் குச்சி கைக்கு வரும், அதை வாங்கிக்கொள்ள வேண்டும். யார் கொடுப்பார்கள் என்று வீரபத்திரன் கேட்டான். குமாரவேல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவன் முனைக்குப் போனான். யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றிருந்தது. பட்டறை வாசலில் வடிவு நின்றாள். ஊர் பார்க்க நடுரோட்டில் குந்தி வெறும் காற்றைச் சுருட்டப் போகிறோம், பைத்தியக்காரன் என்று பெயர் வரப்போகிறது என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பைத்தியக்காரன் என்றாலும் பரவாயில்லை, வடிவு இருக்க வேண்டும். தெற்கு முனையில் குந்தினான். குமாரவேல் காட்டியபடி இரண்டு கையையும் நீட்டி, இல்லாத குச்சியைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றினான்.

கை நின்றது. எதிரிலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

அவன் நிமிரவில்லை. இன்னொரு சுற்று சுற்றினான். இழுவை ஒரு அடி தளர்ந்து கொடுத்து, மறுபடி இறுகியது. எதிரே ஒரு கால் தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. ஈரக் காலின் ஓசை. இன்னொரு சுற்று, இன்னொரு அடி. உள்ளங்கையில் சில்லென்று கஞ்சி பட்டது. புளித்த அரிசி வாசனை வந்தது. பிடித்திருந்தது கனத்துக்கொண்டே போயிற்று. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, கைக்கு எல்லாம் இருந்தது. ஆயிரக்கணக்கான இழைகள் அவன் விரல்களுக்கு நடுவே தனித்தனியாக ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கே அவன் உயிரெல்லாம் போதவில்லை.

பாதிக்குமேல் வந்திருக்கும். அப்போதுதான் வளைவில் லாரிச் சத்தம் கேட்டது.

இரண்டு பக்கமும் ஜனங்கள் கத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வடிவின் குரல் கேட்டது. விட்டுவிட்டு வா, விட்டுவிட்டு வந்துவிடு என்று அவள் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் எழுந்திருக்கத்தான் நினைத்தான். கையை விட்டால் எதிர்முனையில் அவ்வளவு தூரம் இழுவை தளராமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவளின் நிலை என்ன ஆகும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. அதற்குமேல் யோசனையே இல்லை. கங்கையம்மாள்மேல் அவனுக்கு இருந்த கோபம் அந்த நிமிடத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பயமும் இல்லை. வேலை பாதியில் இருந்தது, அவ்வளவுதான். அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். ஹாரன் காதைப் பிளந்தது. எதிரே வந்த கால்கள் அவசரப்படவில்லை.

பிரேக் கிறீச்சிட்டது. ரப்பர் கருகிய நாற்றம் வந்தது. லாரி வடக்கு முனையில், பட்டைகளைத் தொடாமல் நின்றது.

கடைசிச் சுற்று முடிந்தது. இன்னொருத்தரின் விரல்கள் அவன் விரல்களின்மேல் பட்டு, ஒரு குச்சியை அவன் கையில் வைத்துவிட்டு விலகின. கிணற்றடித் தண்ணீரில் வெகுநேரம் அளைந்த கைபோல அது சில்லிட்டிருந்தது. குனிந்த தலைக்கு எதிரே, வெள்ளைப் பட்டையின்மேல், மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல் இடுக்குகளில் கஞ்சி காய்ந்திருந்தது.

அவனுக்கு அழுகை முட்டியது. அவன் தலையைத் தூக்கவில்லை.

முதலில் நடந்தவள் வடிவு. பட்டறை வாசலிலிருந்து இறங்கி, நிதானமாகக் கோட்டின்மேல் கால் வைத்து, அவன் பக்கத்தில் வந்து அவன் தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்தாள். அவள் பின்னாலேயே ஜனங்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கூடைக்காரிகள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், கம்பைத் தட்டாமலே ராஜகோபால். சாயக் கால்கள் கோட்டின்மேல் அரக்கும் பச்சையுமாகப் பதிந்துகொண்டு போயின. லாரிக்காரன் கீழே இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசி ஆள் கடக்கிறவரை காத்திருக்கும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனாகவே காத்திருந்தான்.

ரோடு காலியாயிற்று. அந்த இரண்டு பாதங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர்களின் கால்கள் அவை. குமாரவேல் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார்.

"போலாமா?" என்று லாரிக்காரன் கேட்டான். அவன் வீரபத்திரனைப் பார்த்துக் கேட்கவில்லை. வீரபத்திரனுக்கு எதிரே, ஒரு ஆள் உயரத்தில் பார்த்துக் கேட்டான்.

"இன்னும் ஒரு ஆளு இருக்குது. இருபா" என்றான் வீரபத்திரன்.

லாரிக்காரன் வண்டியில் ஏறி எஞ்சினை அணைத்தான்.